லிப்ட் ஓடவில்லை, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சதி மட்டும் ஓடுகிறது: இதற்கு ஆராய்ச்சி ஏதும் இருக்கிறதா?

எட்டாம்மாடி (செந்தூல், கோலாலம்பூர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அடுக்குமாடியில் மூன்று பிளாக். நான் இருப்பது சி பிளாக். இரண்டு லிப்ட்டில் ஒன்று எப்போதோ செத்துவிட்டது, மற்றது மனம் வைத்தால் ஓடும். முழங்கால் வலிக்காரர்கள் காலையில் ஒரு தடவை இறங்கி, சந்தை, கோவில், கிளினிக் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறார்கள். கேஸ் கொண்டு வருகிற பையன் மூன்றாவது மாடியிலேயே இறக்கி வைத்துவிட்டு, "ஆன்டி, நீங்க வந்து எடுத்துக்குங்க" என்று போன் போடுகிறான்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தோம். முதலில் கதவைத் தட்டியவுடன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் பிளாக் புலனக் குழுவில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. யார் குரல் என்று யாருக்கும் தெரியாது. விஷயம் இதுதான்: லிப்ட்டை வேண்டுமென்றே சரி செய்யாமல் வைத்திருக்கிறார்களாம், நாம் சலித்துப்போய் வீட்டை அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டுமாம், மேம்பாட்டாளர் வாங்கி இடித்துவிட்டு கொண்டோ கட்டப் போகிறானாம், மேலிடத்தில் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டதாம், நம்மவர்களைத்தான் முதலில் விரட்டுவார்களாம். ஏ பிளாக்கில் லிப்ட் கெட்டால் மறுநாளே ஆள் வருவதற்கும் அதுதான் காரணமாம், "அங்கே யார் இருக்கிறார்கள் பார்" என்று ஒரு குத்தல் வேறு.

அன்றிலிருந்து கதவைத் தட்டினால் ஒரே பதில்: "எல்லாம் முடிவு பண்ணியாச்சு, கையெழுத்துப் போட்டு என்ன ஆகப் போகுது?" சிலர் மெயிண்டனன்ஸ் காசு கட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். இடிக்கப் போகிற கட்டடத்துக்கு எதற்குக் காசு என்கிறார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். உன்னை விரட்டச் சதி நடக்கிறது என்று ஒருவன் உண்மையிலேயே நம்பினால், அவன் இன்னும் வேகமாகத்தானே எழுந்து வரவேண்டும்? ஏன் உட்கார்ந்துவிடுகிறான்? இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? நம்புகிறவர்களிடம் எப்படிப் பேசுவது? தயவு செய்து "படிக்காதவர்கள் அப்படித்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் குரல்பதிவை எங்கள் பிளாக்கில் அதிகமாகப் பரப்பியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், ஊருக்கே மனு எழுதிக் கொடுத்த மனிதர்.

பிறை_மலர் (பினாங்கு)

அக்கா, நான் சமூக உளவியலில்தான் மேற்படிப்பு படிக்கிறேன். நீங்கள் கேட்ட அதே கேள்வியைச் சோதித்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது. டேனியல் ஜாலி, கேரன் டக்ளஸ் இருவரும் 2014இல் வெளியிட்டது, இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் செய்தது. ஒரு பகுதியினருக்கு அரசாங்கம் சதி செய்கிறது என்று வாதிடும் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு அதை மறுக்கும் கட்டுரை. பிறகு ஓட்டுப் போடுவீர்களா, அரசியலில் ஈடுபடுவீர்களா என்று கேட்டார்கள். சதிக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு அந்த எண்ணமே குறைந்துபோயிருந்தது. ஏன் என்று குடைந்து பார்த்தபோது நடுவில் நின்றது ஒரே உணர்வு: "நம் கையில் ஒன்றும் இல்லை." பருவநிலை மாற்றம் பொய் என்கிற சதிக் கதையை வைத்தும் சோதித்தார்கள். அங்கேயும் சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்யலாம் என்ற எண்ணம் குறைந்தது.

இதை இன்னொரு ஆய்வோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் உங்கள் சி பிளாக் கதை எனக்குத் தெளிவாகிறது. மக்கள் எப்போது கூட்டாக இறங்கிப் போராடுகிறார்கள் என்பது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி வான் ஸோமெரன், போஸ்ட்மெஸ், ஸ்பியர்ஸ் மூவரும் 2008இல் ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். மூன்று விஷயம் வேண்டும் என்றார்கள்: நமக்கு அநியாயம் நடக்கிறது என்ற கோபம், நாம் ஒரு கூட்டம் என்ற உணர்வு, சேர்ந்து செய்தால் நடக்கும் என்ற நம்பிக்கை. அந்தக் குரல்பதிவு முதல் இரண்டையும் ஏற்றிவிடுகிறது, அதனால்தான் கேட்கிறவர்களுக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் "முடித்தாகிவிட்டது" என்ற ஒரு சொல் மூன்றாவதைக் காலி பண்ணிவிடுகிறது. இப்படி இணைத்துப் பார்ப்பது என் வாசிப்பு, அந்த ஆசிரியர்கள் இதே வார்த்தையில் சொல்லவில்லை.

ஆனால் எல்லாரும் உட்கார்ந்துதான் விடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. ரோலண்ட் இம்ஹாஃப் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும், உங்கள் நாட்டை மறைமுகமாகச் சிலர் ஆட்டி வைக்கிறார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள். ஓட்டு, மனு மாதிரியான சட்டபூர்வ வழிகளில் ஆர்வம் குறைந்தது, சட்டத்தை மீறுகிற வழிகளில் ஆர்வம் கூடியது. மெயிண்டனன்ஸ் காசைக் கட்டாமல் விடுவது இதில் எந்தப் பக்கம் சேரும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரியர் விஷயம்: படித்தவர்கள் மத்தியில் சதி நம்பிக்கை சராசரியாகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வான் ப்ரோயென் 2017இல் அதற்கு என்ன காரணம் என்று பார்த்தபோது, அறிவு மட்டும் இல்லை, படித்தவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது என்ற உணர்வு அதிகமாக இருப்பதும் ஒரு காரணம் என்று வந்தது. ஊருக்கே மனு எழுதிக் கொடுத்தவர், தன் வீட்டு லிப்ட்டுக்கு எழுதிய மனுவுக்கு மட்டும் பதில் வராமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அந்த உணர்வு எவ்வளவு மிச்சம் இருக்கும் சொல்லுங்கள்.

ஜாலான்_ஈப்போ

மலர், படிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இந்த ஆராய்ச்சிகள் மேல் ஒரு மனக்குறை உண்டு. இதெல்லாம் சந்தேகப்படுகிறவனையே நோயாளி மாதிரி வைத்துப் பார்க்கிறது.

நம் நாட்டு விஷயத்தையே எடுங்கள். 2015இல் 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனத்தின் பணம் பற்றிப் பேசியவனையெல்லாம் வெளிநாட்டுச் சதிக்குத் துணை போகிறவன் என்றார்கள். மாமாக் கடையில் அதைப் பேசினால் பக்கத்து மேசைக்காரர் தே தாரிக் கிளாஸை எடுத்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தார், நானே பார்த்தேன். அப்புறம் என்ன ஆனது? 4.5 பில்லியன் டாலருக்கு மேல் சுருட்டப்பட்டதாக அமெரிக்க நீதித்துறையே சொன்னது. 2020 ஜூலை 28இல், அதன் கிளை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சி வழக்கில், ஏழு குற்றச்சாட்டிலும் முன்னாள் பிரதமர் நஜிப் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அதற்கு முன் வருஷக்கணக்காக அது வெறும் "வதந்தி".

அதனால் செந்தூல் அக்காவிடம் நான் கேட்பது, அந்தக் குரல்பதிவில் ஒரு சொட்டு உண்மையும் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பழைய அடுக்குமாடிகளை வாங்கிச் சேர்த்து இடிக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த ஊரில் இல்லையா? நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, 80 விழுக்காடு சம்மதம் போதும், கட்டடம் பழசென்றால் 75 போதும் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு போனதே. அது சதி இல்லை, பகிரங்கமாக நடந்தது. லிப்ட் பழுதும் அந்தப் பேச்சும் ஒரே சமயத்தில் வந்தால் மனிதன் முடிச்சுப் போடத்தான் செய்வான்.

பட்டர்வொர்த்_பெரியவர்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் ஒரு பழைய கதை சொல்கிறேன், கேளுங்கள்.

பினாங்குப் பாலம் கட்டிய காலத்தில் நான் பள்ளிக்கூடப் பையன். பாலம் திறந்தது 1985. அதற்கு முந்தைய வருஷங்களில் எங்கள் பக்கத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: கடலில் தூண் நிற்க வேண்டும் என்றால் காவு கொடுக்க வேண்டும், பிள்ளைகளின் தலையைத் தேடிக்கொண்டு ஆட்கள் வேனில் சுற்றுகிறார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று வித்தியாசமே இல்லை, இந்த ஒரு விஷயத்தில் மூன்று இனமும் ஒரே கதையை நம்பியது. என் அம்மா மாலையில் விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே எங்களை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார். பள்ளிக்குத் தனியாகப் போன பையன்களெல்லாம் அப்பா சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனோம், எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

காவு கொடுக்கிறார்கள் என்று பயந்த ஊரில் ஒரு ஆள் கூடப் போய் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பிள்ளையை ஒளித்து வைத்தார்கள், அவ்வளவுதான். போர்னியோவிலும் பாலம், பெரிய கட்டுமானம் என்று வந்தால் இதே பீதி கிளம்பும் என்று மானிடவியல்காரர்கள் எழுதியிருக்கிறார்கள், தன் ஊரில் என்ன நடக்கிறது என்று தனக்கு யாரும் சொல்லாத இடத்தில்தான் அது கிளம்புகிறது. எங்களுக்கும் யார் சொன்னார்கள்? கடலில் ஒரு நாள் கிரேன் வந்து நின்றது, அவ்வளவுதான் தெரியும்.

உங்கள் நிர்வாகக் குழு கடைசியாக எப்போது நோட்டீஸ் ஒட்டியது? லிப்ட் கம்பெனிக்கு எவ்வளவு பாக்கி, எப்போது சாமான் வரும் என்று ஒரு வரி எழுதி ஒட்டினார்களா? ஒட்டியிருந்தால் அந்தக் குரல்பதிவுக்கு இவ்வளவு கிராக்கி இருந்திருக்காது என்று எனக்குப் படுகிறது.

நவம்பர்_இருபத்தைந்து

2007 நவம்பர் 25, ஜாலான் அம்பாங்கில் நின்றவர்களில் நானும் ஒருவன். மலேசிய இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணி. கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீரங்கியும் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அப்போதும் "நம்மை ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்கள்" என்ற பேச்சு இருந்தது, கோவில்கள் இடிபட்ட கோபத்தில் அது இன்னும் பெரிதானது. மலர் தங்கச்சி சொன்ன முதல் இரண்டும், கோபமும் கூட்ட உணர்வும், தாராளமாக இருந்தன. ஆனால் கூடவே ஒரு தேதி இருந்தது, ஒரு தெரு இருந்தது, பிரிட்டிஷ் தூதரகத்தில் கொடுக்க ஒரு மனு இருந்தது. போனால் என்ன செய்யப் போகிறோம் என்பது தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த பாட்டிக்கும் தெரியும். எதிர்த்தரப்பு யார் என்று பெயர் சொல்லக் கூடிய கோரிக்கை அது. அடுத்த மார்ச் 8 தேர்தலில் அப்போது ஆண்ட தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது, அதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், போடட்டும்.

உங்கள் குரல்பதிவில் எதிரி யார்? "அவர்கள்", "மேலிடம்". அவர்களுக்கு எந்த முகவரிக்கு மனு அனுப்புவீர்கள்?

ஜாலான் ஈப்போ தம்பி 1எம்டிபியைச் சொன்னார். நல்ல உதாரணம், ஆனால் அதையும் கொஞ்சம் பாருங்கள். அதை வெளியே கொண்டு வந்தவர்கள் வங்கிக் கணக்கு, தொகை, தேதி என்று பேசினார்கள். பணம் வந்த வழியைக் காட்டினார்கள்.

பிறை_மலர்

ஜாலான் ஈப்போ அண்ணே, உங்கள் மனக்குறை எங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசாங்கச் சுகாதாரத் துறையே சுமார் 600 கறுப்பின ஆண்களைக் கவனித்து வந்தது. அவர்களில் 399 பேருக்கு மேகப்புண் நோய். என்ன நோய் என்றும் சொல்லவில்லை, மருந்து கண்டுபிடித்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த வரலாறு தெரிந்த சமூகம் மருத்துவர்களைச் சந்தேகித்தால் அதை மனக்கோளாறு என்று எந்த வாயால் சொல்வது? தனக்கு நடந்ததை நினைவில் வைத்திருப்பது அறிவுதான்.

சதியை நம்புகிறவர்கள் முன்னுக்குப்பின் முரணானதையெல்லாம் ஒன்றாக நம்புவார்கள் என்று பத்திரிகைகளில் அடிக்கடி படித்திருப்பீர்கள். 2012இல் வுட், டக்ளஸ், சட்டன் செய்த ஆய்வு அது. பிரிட்டிஷ் இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்று எவ்வளவுக்கு எவ்வளவு நம்புகிறார்களோ, அவர் சாகவே இல்லை, நாடகம் ஆடினார் என்பதையும் அவ்வளவுக்கு அவ்வளவு நம்புகிறார்கள் என்று வந்தது. உலகம் முழுக்கச் சிரித்தார்கள். 2023இல் வான் ப்ரோயென் குழு அதே மாதிரிக் கேள்விகளைப் புதிதாகக் கேட்டு, கணக்கைப் பிரித்துப் பார்த்தது. அந்தத் தொடர்பைப் பெரும்பாலும் உண்டாக்கியவர்கள் இரண்டையும் நம்பாதவர்கள்தான். இரண்டு கேள்விக்கும் "இல்லை" போட்ட பெரிய கூட்டம் கணக்கில் நேர்த்தொடர்பைக் காட்டிவிடுகிறது. ஒருவரே செத்தார் என்றும் சாகவில்லை என்றும் நம்புகிற ஆட்கள் மிகக் குறைவு. எங்களுக்குக் கிடைத்த நல்ல பாடம் இது, யாரும் நாம் நினைக்கிற அளவுக்கு அசடு இல்லை.

சரி, ஏ பிளாக், சி பிளாக் விஷயத்துக்கு வருகிறேன். ஹென்றி டாஜ்ஃபெல் என்ற சமூக உளவியலாளர் போலந்தில் பிறந்த யூதர், போரில் ஜெர்மானியர் கையில் கைதியாக இருந்து பிழைத்தவர், வீட்டார் பலரை இழந்தவர். அவர் 1970 வாக்கில் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களைக் கூப்பிட்டு, க்ளே ஓவியம் பிடிக்குமா கண்டின்ஸ்கி ஓவியம் பிடிக்குமா என்று கேட்டுப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் சும்மா கண்ணை மூடிக்கொண்டு பிரித்தது. தன் குழு எது என்று மட்டும் பையனுக்குத் தெரியும், மற்றவர்களில் யார் எந்தக் குழு என்று தெரியாது. ஆனாலும் காசு பங்கு போடச் சொன்னால் தன் குழுவுக்குச் சாய்த்தார்கள், சில சமயம் தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்தவனை விட அதிகமாக இருந்தால் போதும் என்று பிரித்தார்கள். சுவரில் எழுதிய ஓர் எழுத்தே போதும், அக்கா. அதில் இனமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தால் சரியாகுமா? பழகினால் வெறுப்பு குறையலாம் என்று உளவியலாளர் ஆல்போர்ட் 1954இல் சொன்னதிலிருந்து இது பழைய கேள்வி. பெட்டிக்ரூ, டிராப் இருவரும் 515 ஆய்வுகளைச் சேர்த்து 2006இல் சொன்னது, ஆமாம், பழகினால் பொதுவாக வெறுப்பு குறைகிறது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 2009இல் தமார் சாகுய், நிக்கோல் தவுஷ், டோவிடியோ, பிராட்டோ செய்த ஆய்வு. இரண்டு குழு, ஒரு குழு கையில் பங்கீட்டு அதிகாரம். இரு குழுவும் தங்களுக்குப் பொதுவானவற்றைப் பற்றி இனிமையாகப் பேசினால், அதிகாரம் இல்லாத குழு "இவர்கள் நல்லவர்கள், நியாயமாகத்தான் தருவார்கள்" என்று எதிர்பார்த்தது. பங்கு வந்தபோது அதே ஓரவஞ்சனைதான். இஸ்ரேலில் உள்ள அரபு மக்களிடம் எடுத்த கணக்கெடுப்பிலும், யூதர்களோடு நல்ல பழக்கம் இருந்தவர்களிடம் மாற்றம் வேண்டும் என்ற ஆர்வம் குறைந்திருந்தது.

நம் ஊர்க் கோத்தோங் ரோயோங்கை நினைத்துப் பாருங்கள். நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுச் சாக்கடை சுத்தம் பண்ண வைத்து, மீ ஹூன் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடும். அன்றைக்கு எல்லாரும் சிரிப்போம். அடுத்த வாரம் லிப்ட் பற்றிக் கேட்க வாய் வராது. நல்ல மனிதர்களாகத்தானே இருக்கிறார்கள் என்று தோன்றும்.

எட்டாம்மாடி

மலர், அந்த மீ ஹூன் எங்கள் பிளாக்கிலும் நடந்தது, எப்படித் தெரிந்தது உனக்கு!

பெரியவர் ஐயா, நோட்டீஸ் பலகையைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் தடை பற்றிய ஒரு பழைய அறிவிப்பும், ட்யூஷன் விளம்பரமும், காணாமல் போன பூனையின் படமும் இருக்கிறது. லிப்ட் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

ஜாலான் ஈப்போ தம்பி, உண்மையா பொய்யா என்று எனக்கும் தெரியாது, அதைத்தான் நானும் கேட்கிறேன். தெரிந்துகொள்ள வழி என்ன?

கணக்குப்பிள்ளை_கேஎல்

நான் வேறோர் அடுக்குமாடியில் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன், உளவியல் தெரியாது, சட்டம் கொஞ்சம் தெரியும்.

உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், எல்லாரும் சட்டம் 757 என்பார்கள். அதில் உங்களுக்கு வேண்டியது இரண்டு மூன்று இடம்தான்.

மொத்தப் பங்கு அலகில் (ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு எண்) நான்கில் ஒரு பங்கு வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால் நிர்வாகக் குழு அவசரப் பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். கவனியுங்கள், எத்தனை பேர் என்பது கணக்கு இல்லை, பங்கு அலகுதான் கணக்கு. மூன்று பிளாக்கும் சேர்ந்த மொத்தத்தில் நான்கில் ஒன்று. சி பிளாக் மட்டும் முழுசாகக் கையெழுத்துப் போட்டாலே அனேகமாகப் போதும், ஆனால் முழு பிளாக்கும் எங்கே போடும்? ஏ, பி பிளாக் கதவையும் தட்ட வேண்டியிருக்கும். "அங்கே யார் இருக்கிறார்கள் பார்" என்று பேசிக்கொண்டிருந்தால் எப்படித் தட்டுவீர்கள் என்று தெரியவில்லை.

அடுத்தது, இதுதான் வயிற்றெரிச்சல். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் மெயிண்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவருக்கு ஓட்டு கிடையாது. அதாவது, நம்மை விரட்டப் பார்க்கிறார்கள் என்று நம்பிக் காசு கட்டுவதை நிறுத்தியவர்கள் எல்லாரும் தங்கள் ஓட்டைத் தாங்களே பிடுங்கிக்கொண்டார்கள். கூட்டத்துக்கு ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப்பேர் வர வேண்டும் என்று விதி, ஆனால் அரைமணி நேரம் காத்திருந்தும் வராவிட்டால் வந்தவர்களே போதும், கூட்டம் செல்லும். நான் பார்த்த கூட்டங்களில் ஜாகாவையும் (காவலாளியையும்) சேர்த்து எண்ணினால்தான் நாற்காலி நிறையும். உங்கள் குரல்பதிவை ஒரு மேம்பாட்டாளரே காசு கொடுத்துப் பேச வைத்திருந்தால் கூட இவ்வளவு கச்சிதமாக வேலை செய்திருக்காது. (பார்த்தீர்களா, நானும் ஒரு சதிக் கதை கட்டிவிட்டேன்.)

எனவே பாக்கியைக் கட்டுங்கள். கணக்கைக் கேட்டு எழுதுங்கள். தரவில்லை என்றால் மாநகர் மன்றத்தில் கட்டட ஆணையர் அலுவலகம் இருக்கிறது, அதற்கும் மேல் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது.

ஜாலான்_ஈப்போ

இது பேச்சு. ஆனால் ஆசிரியரை எப்படிச் சமாளிப்பது? அவர் தலையசைக்காமல் பாதி பிளாக் காசு கட்டாது.

பிறை_மலர்

எதிர்த்து வாதாட வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரையாக இருந்தது. 2024இல் காஸ்டெல்லோ, பென்னிகுக், ராண்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு அதைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள், ஒவ்வொருவரும் தான் நம்புகிற சதியையும் அதற்குத் தன் ஆதாரத்தையும் சொந்த வார்த்தையில் எழுதினார்கள். ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் அந்த ஆளின் அந்த ஆதாரத்துக்கு மட்டும் குறிப்பாகப் பதில் சொல்லி உரையாடியது. நம்பிக்கை சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது, இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. நான் அதில் எடுத்துக்கொள்வது, "வதந்தியை நம்பாதீர்கள்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதால் பயன் இல்லை, அவர் எந்த ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ அதற்குப் பதில் வேண்டும். உங்களிடம் இன்னும் பதில் இல்லை, அக்கா. அதனால் அவரிடம் போய், இதைக் கண்டுபிடிக்க என்னென்ன கணக்கு கேட்க வேண்டும் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், இது பாதி விளையாட்டுக்குத்தான். ஷெரிஃப் என்ற உளவியலாளர் 1954இல் ஒக்லஹோமாவில் 22 பையன்களை இரண்டு கூட்டமாக்கி மோதவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது என்று சேர்ந்து வேலை செய்ய வைத்து நண்பர்களாக்கினார், அது எல்லாப் பாடநூலிலும் இருக்கும். பாடநூல் சொல்லாதது, அதற்கு முந்தைய வருஷம் நியூயார்க் பக்கம் அவர் நடத்திய முகாம் தோல்வி. அங்கே பையன்களை முதலிலேயே பழக விட்டுவிட்டார். பிறகு எவ்வளவு மூட்டிவிட்டும் சண்டை வரவில்லை. பெரியவர்கள்தான் வேண்டுமென்றே ஏதோ செய்கிறார்கள் என்று பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சதி உண்மை, செய்தது ஆராய்ச்சியாளர்கள். கூடிப் பேசியதால் கண்டுபிடித்தார்கள். உங்கள் ஏ பிளாக்கில் யாரிடமாவது லிப்ட் எவ்வளவு சீக்கிரம் சரியாகிறது என்று நேரில் கேட்டிருக்கிறீர்களா?

எட்டாம்மாடி

கேட்டேன். ஏ பிளாக்கில் காக் ரோஸ் என்று ஒருவர், பள்ளிக் கூட்டத்தில் பழக்கம். அவர் சிரித்துவிட்டார். அவர்கள் லிப்ட்டும் அடிக்கடி நிற்கிறதாம். அவர்கள் குழுவிலும் ஒரு குரல்பதிவு ஓடுகிறது, மலாய் மொழியில். சி பிளாக்குக்குத்தான் நிர்வாகம் பயந்து எல்லாம் செய்கிறதாம், ஏனென்றால் நாங்கள் மனுக் கொடுப்போமாம்.

ஆசிரியரிடமும் போனேன். முதலில் "நீ சின்னப் பெண், உனக்கு உலகம் தெரியாது" என்றார். நான் வாதாடவில்லை. சார், நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், அதை நிரூபிக்கிற தாள் எந்த அலுவலகத்தில் இருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். லிப்ட் ஒப்பந்தம், சேமிப்பு நிதிக் கணக்கு, வீடு கைமாறிய விவரம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார், எழுத்து இன்னும் முத்து முத்தாக இருக்கிறது. சதி இல்லை என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பாக்கியைக் கட்டுகிறேன் என்றார், "ஓட்டைக் கொடுத்துவிட மாட்டேன்" என்றார்.

கணக்குப்பிள்ளை அண்ணே, அவசரக் கூட்டம் கேட்டு எழுதுகிற கடிதம் மலாய் மொழியில் மாதிரி ஏதும் இருக்கிறதா? காக் ரோஸ் ஏ பிளாக்கில் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை_கேஎல்

இருக்கிறது, இன்று இரவு தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் யூனிட் எண்ணும் பங்கு அலகும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறவர் வாடகைக்காரரா வீட்டுக்காரரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வாடகைக்காரர் கையெழுத்து செல்லாது. கூட்டத்துக்கு என்ன விஷயம் என்று கடிதத்திலேயே தெளிவாகப் போட வேண்டும். ஆசிரியர் எழுதிய அந்தப் பக்கத்தை அப்படியே பின்னால் இணைத்துவிடுங்கள். கொடுக்கும்போது நகலில் முத்திரை குத்தி வாங்காமல் வராதீர்கள்.